உப்பு, செங்கல், ஒரு போலிப் பத்திரம்: லூபெக் நகரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடக்கு ஜெர்மனியில் பால்டிக் கடலை ஒட்டி லூபெக் என்று ஒரு ஊர் இருக்கிறது. இன்று அதன் மக்கள்தொகை சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம்தான். ஆனால் ஒரு காலத்தில் லண்டன் முதல் ரஷ்யா வரை போன சரக்கின் போக்கைத் தீர்மானித்த ஊர் இது. இதைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஊருக்குக் கதை கட்டும் பழக்கம் கொஞ்சம் அதிகம். எது நடந்தது, எது ஜோடித்தது என்பதை ஆங்காங்கே பிரித்துக் காட்டியிருக்கிறேன்.

லூபெக் கடற்கரை ஊரா, ஆற்றங்கரை ஊரா?

பழைய ஊர் ஆற்றங்கரையில் இருக்கிறது. டிராவ என்ற ஆறு அதைச் சுற்றிக்கொண்டு வடகிழக்கே போய், சுமார் 20 கி.மீ. தள்ளி டிராவமுண்டே என்ற இடத்தில் பால்டிக் கடலில் கலக்கிறது. டிராவமுண்டே என்றால் 'டிராவவின் வாய்' என்று பொருள். நாம் முகத்துவாரம் என்கிறோமே, அதேதான். அந்த முகத்துவாரம் தங்கள் கையில் இல்லாவிட்டால் தொழில் நடக்காது என்பது லூபெக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் 1329-இலேயே அதை ஹோல்ஸ்டைன் பிரபுவிடமிருந்து விலைக்கு வாங்கிவிட்டார்கள். இன்று அதுவும் லூபெக் நகர எல்லைக்குள்தான் வருகிறது. ஆக, இரண்டு பதிலும் சரி.

நிர்வாகத்தில் இது ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலத்தைச் சேர்ந்தது. அந்த மாநிலத்தில் கீல் நகருக்கு அடுத்த பெரிய ஊர். தென்மேற்கே ஹாம்புர்க் நகரம் ரயிலில் முக்கால் மணி நேரத் தூரம்.

கடலோரத்திலேயே துறைமுகம் கட்டியிருக்கலாமே, ஏன் இவ்வளவு உள்ளே?

கடலோரம் என்றால் புயல் அடிக்கும், கொள்ளையர் வருவார்கள். உள்ளே தள்ளி இருந்தால் இரண்டுமே குறையும். டிராவ ஆற்றின் கீழ்ப்பகுதி பனியுகத்துக்குப் பிறகு கடல் மட்டம் உயர்ந்தபோது மூழ்கிப்போன பள்ளத்தாக்கு. அதனால் அகலமாகவும் ஆழமாகவும் இருக்கிறது. அந்தக் காலத்துச் சரக்குக் கப்பல்கள் ஊர் வாசல் வரை வந்து நின்றன. கடலின் வசதி வேண்டும், கடலின் ஆபத்து வேண்டாம் என்று நினைப்பவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பழைய ஊர் ஒரு தீவு என்கிறார்களே?

இப்போது தீவு. முதலில் இல்லை. மேற்கிலும் தெற்கிலும் டிராவ, கிழக்கில் வாக்கெனிட்ஸ் ஆறு; நடுவில் முட்டை வடிவத்தில் ஒரு மேடு. சுமார் 2 கி.மீ. நீளம், 1 கி.மீ. அகலம். வடக்குப் பக்கம் மட்டும் கழுத்து மாதிரி ஒரு தரைவழி இருந்தது. காவலுக்கு அந்த ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று அங்கே ஒரு கோட்டை இருந்தது. இன்றும் புர்க்டோர், அதாவது கோட்டை வாசல், அங்கேதான் நிற்கிறது. 1900-இல் எல்ப ஆற்றையும் லூபெக்கையும் இணைக்கும் கால்வாயைத் திறந்தார்கள். அதற்காக அந்தக் கழுத்தை வெட்டியதில்தான் ஊர் முழுத் தீவானது.

வாக்கெனிட்ஸ் தெற்கே ராட்சபுர்க் ஏரியிலிருந்து வருகிறது. கரையெங்கும் சதுப்பும் மரமுமாக அடர்ந்து கிடப்பதால் அதை 'வடக்கின் அமேசான்' என்று விளம்பரம் செய்கிறார்கள். அமேசானைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் படகில் போக அருமையான இடம். அது ஏன் இவ்வளவு காடாகத் தப்பியது என்பதற்கு ஒரு காரணம் உண்டு, கீழே எல்லைக்கோடு பற்றிய கேள்வியில் வரும்.

பெயர் எங்கிருந்து வந்தது?

ஜெர்மன் பெயர் இல்லை, ஸ்லாவியப் பெயர். ஜெர்மானியர் வருவதற்கு முன் இந்தப் பகுதியில் ஸ்லாவிய மக்கள் வாழ்ந்தார்கள். இன்றைய ஊரைத் தாண்டி ஆறு கடலை நோக்கிப் போகும் பக்கம், ஷ்வார்ட்டாவ் என்ற சிற்றாறு டிராவவில் சேரும் இடத்தில் அவர்களுக்கு லியூபிசெ என்ற ஊர் இருந்தது. இனியது, அழகியது என்ற மாதிரிப் பொருள். 1138-இல் அதை எதிரிகள் அழித்தார்கள். பெயர் மட்டும் ஆற்றோடு சில கிலோமீட்டர் உள்ளே நகர்ந்து புது ஊருக்கு ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் இப்போதிருக்கும் ஊரை யார் கட்டியது?

1143-இல் ஹோல்ஸ்டைன் பிரபு இரண்டாம் அடோல்ஃப் இந்த மேட்டில் ஊரைத் தொடங்கினார். ஊர் நன்றாக வளர்ந்தது. அதுவே அவருக்கு வினையானது. அவருக்கு மேலே இருந்த சாக்சனிக் கோமகன் ஹைன்ரிஷ் ('சிங்கம்' என்று பட்டப்பெயர்) அந்த வருமானத்தின் மேல் கண் வைத்தார். 1157-இல் ஊர் தீப்பிடித்து எரிந்தது. 1159-இல் இடம் ஹைன்ரிஷ் கைக்குப் போய், மறுபடி கட்டப்பட்டது. அடுத்த ஆண்டே ஆயரின் பீடத்தையும் இங்கே கொண்டுவந்தார். பெரிய தேவாலயமான டோமுக்கு 1173-இல் அடிக்கல் நாட்டினார்கள். பிறகு ஹைன்ரிஷ் சக்கரவர்த்தியோடு முட்டிக்கொண்டு பதவி இழந்தார். 1201 முதல் கால் நூற்றாண்டு டென்மார்க் அரசர் கையில் ஊர் இருந்தது. 1226-இல் சக்கரவர்த்தி இரண்டாம் ஃபிரடெரிக் இதைப் பேரரசின் சுதந்திர நகரமாக அறிவித்தார். அதாவது நடுவில் எந்தப் பிரபுவும் இல்லை. நகர மன்றத்துக்கு மேலே நேராகச் சக்கரவர்த்திதான்.

அந்தப் போலிப் பத்திரம் என்ன கதை?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1188-இல் சக்கரவர்த்தி பார்பரோசா லூபெக்குக்குச் சில உரிமைகள் தந்தார். வரிச் சலுகை, கீழ் டிராவவில் மீன்பிடிக்கும் உரிமை, காட்டில் மரம் வெட்டும் உரிமை, இப்படி. இதில் தகராறு இல்லை. ஆனால் இன்று லூபெக் ஆவணக் காப்பகத்தில் 'பார்பரோசா பட்டயம்' என்ற பெயரில் இருக்கும் தோல் ஏடு பார்பரோசா காலத்தது இல்லை. சுமார் 1225-இல் உள்ளூரில் எழுதியது. பழைய பட்டயத்தை வைத்துக்கொண்டு, தங்களுக்கு வேண்டியதைச் சேர்த்து, பழையது போலவே ஒரு புதுப் பிரதி தயாரித்தார்கள். அதைக் கொண்டுபோய் 1226-இல் ஃபிரடெரிக்கிடம் நீட்டினார்கள். தாத்தா கொடுத்ததுதானே என்று பேரனும் அதை உறுதிப்படுத்திவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் பழங்கதை. முடியவில்லை. டிராவவின் கிழக்குக் கரையில் மெக்லென்புர்க் என்ற பக்கத்து நாடு இருந்தது. ஆற்று நீரும் அதை ஒட்டிய டாசோ ஏரியும் யாருக்குச் சொந்தம் என்று 19-ஆம் நூற்றாண்டில் இரு தரப்பும் நீதிமன்றம் போனார்கள். பார்பரோசா பட்டயமும் சாட்சிக் கூண்டில் ஏறியது. 1890-இல் ஜெர்மன் உச்ச நீதிமன்றம், நீர் முழுக்க லூபெக்குக்கே, கரையோடு மெக்லென்புர்க் முடிகிறது என்று தீர்ப்பளித்தது.

சரி, அதனால் என்ன? 1945-க்குப் பிறகு மெக்லென்புர்க் கிழக்கு ஜெர்மனியானது, லூபெக் மேற்கு ஜெர்மனியானது. இரண்டு உலகங்களைப் பிரித்த கோடு டாசோ ஏரியின் கரையோரமாகவே போனது. ஏரி மேற்கில், கரையில் இருந்த ஊர் கிழக்கில். டாசோ ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு வாசலில் இருந்த ஏரியில் கால் நனைக்க முடியாதபடி நடுவே காவல் வேலி. லூபெக் மீனவர்கள் மட்டும் அங்கே வலை வீசினார்கள். 1225-இல் ஏதோ ஒரு எழுத்தர் மை தொட்டு எழுதியதன் நிழல் 1989 வரை நீண்டது என்று சொன்னால் மிகை இல்லை.

ஹான்சா என்றால் என்ன? அது ஒரு நாடா, கம்பெனியா?

இரண்டும் இல்லை, அதனால்தான் புரிந்துகொள்வது கஷ்டம். முதலில் அது வெளிநாடு போகும் ஜெர்மன் வியாபாரிகள் பாதுகாப்புக்காகச் சேர்ந்து போன கூட்டம். பிறகு அந்த வியாபாரிகளின் ஊர்கள் சேர்ந்த கூட்டணி. பல்வேறு காலங்களில் சுமார் 200 ஊர்கள் இதில் இருந்தன. ராஜா இல்லை, நிரந்தரப் படை இல்லை, எழுதிவைத்த அரசியல் சட்டமும் இல்லை. தேவை வந்தால் கூடிப் பேசுவார்கள். அந்தப் பொதுக்கூட்டம் முதலில் கூடியது 1356-இல், லூபெக்கில். பெரும்பாலும் கூடியதும் இங்கேதான். அதனால் லூபெக்குக்கு 'ஹான்சாவின் ராணி' என்று பெயர்.

வெளிநாடுகளில் நான்கு பெரிய தலைமைக் கிடங்குகள் வைத்திருந்தார்கள்: ரஷ்யாவின் நோவ்கோரோட், நார்வேயின் பெர்கன், ஃபிளாண்டர்ஸின் புரூஜ், அப்புறம் லண்டன். கிழக்கிலிருந்து மென்மயிர்த் தோலும் தேன்மெழுகும், வடக்கிலிருந்து காய்ந்த காட் மீனும், மேற்கிலிருந்து துணியும் கம்பளியும் நகர்ந்தன.

இதில் லூபெக்குக்கு என்ன விசேஷம் என்றால், வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பால்டிக் கடலிலிருந்து வடகடலுக்குப் போக டென்மார்க்கின் உச்சியைச் சுற்றி வர வேண்டும். நீண்ட வழி, ஆபத்தான வழி, டேனிஷ் அரசர் கண்ணில் படும் வழி. லூபெக்கில் சரக்கை இறக்கி, சுமார் 60 கி.மீ. தரைவழியாக ஹாம்புர்க் கொண்டுபோய் மறுபடி கப்பலில் ஏற்றினால் அந்தச் சுற்று மிச்சம். லூபெக்கின் பெருமைக்கெல்லாம் அடிப்படை இந்த 60 கி.மீ.தான் என்பேன்.

டேனிஷ் அரசர் நான்காம் வால்டெமார் முறைத்தபோது ஹான்சா ஊர்கள் சண்டை போட்டு ஜெயித்தன. 1370-இல் ஸ்ட்ரால்சுண்ட் உடன்படிக்கையில் தங்களுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டன. ஊர்கள் சேர்ந்து ஒரு அரசனைப் பணியவைத்தது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்.

பணத்தைவிட நீடித்தது சட்டம். நகரம் எப்படி நடக்க வேண்டும் என்ற லூபெக்கின் சட்டத்தொகுப்பைப் பால்டிக் கரையோரம் சுமார் 100 ஊர்கள் எடுத்துக்கொண்டன. இன்றைய எஸ்டோனியாவின் தாலினும் அதில் ஒன்று.

உப்பு ஏன் இவ்வளவு முக்கியம்?

கருவாடு போடத் தெரிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஸ்வீடனின் தென்முனையில் ஸ்கோனே கரைக்கு ஒவ்வொரு கோடையின் முடிவிலும் ஹெர்ரிங் மீன் கூட்டம் கூட்டமாக வந்தது. கொழுப்பு மீன், சீக்கிரம் கெட்டுவிடும். உடனே உப்பிட்டு மரப்பீப்பாயில் அடைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். அதே நேரம் கத்தோலிக்க ஐரோப்பா முழுக்க வெள்ளிக்கிழமையும் தவக்காலத்திலும் இறைச்சி கிடையாது, மீன்தான். தேவை அங்கே, மீன் இங்கே. நடுவில் வேண்டியது உப்பு.

பால்டிக் நீரில் உப்பு மிகக் குறைவு, காய்ச்சினாலும் கட்டுப்படியாகாது. ஆனால் லூபெக்குக்குத் தெற்கே லூனபுர்க் என்ற ஊரில் நிலத்தடியில் அடர்த்தியான உப்புநீர் ஊற்று இருந்தது. அந்த உப்பு முதலில் வண்டியில் வந்தது. அந்தச் சாலைக்கு இன்றும் 'பழைய உப்புச் சாலை' என்றுதான் பெயர். வண்டி போதவில்லை. 1392-இல் ஸ்டெக்னிட்ஸ் கால்வாயைத் தோண்டத் தொடங்கி, 1398-இல் முதல் உப்புப் படகுகள் லூபெக் வந்து சேர்ந்தன. ஒரு பக்கம் எல்ப, இன்னொரு பக்கம் டிராவ, நடுவில் மேடு. மேட்டின் மேலே நீரை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்தும் இந்த வகைக் கால்வாயில் ஐரோப்பாவிலேயே மிகப் பழையது இது. படகுகளை மனிதர்களும் விலங்குகளும் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். மதகில் நீர் சேரும்வரை காத்துக் கிடப்பது வேறு. ஒரு பயணத்துக்கு வாரக்கணக்கில் ஆகும்.

ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் உப்புக் கிடங்குகளை இன்றும் பார்க்கலாம். அவை 1579-க்கும் 1745-க்கும் இடையில் கட்டியவை, ஹான்சா உச்சத்தில் இருந்த காலத்துக்குப் பிந்தியவை. படம் எடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ஊர் முழுக்க ஏன் செங்கல்?

கல் கிடையாது, அவ்வளவுதான். பனியாறுகள் அரைத்துக் கொட்டிய களிமண்ணும் மணலும் உருண்டைக் கற்களும்தான் இந்த நிலத்தில் உண்டு. பிரான்சில் கல்லில் செதுக்கிய கோத்திக் என்ற இடைக்காலக் கட்டடப் பாணியை இவர்கள் களிமண்ணைச் சுட்டுச் செய்தார்கள். அதன் தலைச்சன் பிள்ளை மரியாள் தேவாலயம். சுமார் 1350 வாக்கில் முடிந்தது. உள்ளே விதானம் 38.5 மீட்டர் உயரம், செங்கல்லில் இதைவிட உயரமான விதானம் உலகில் இல்லை. கோபுரங்கள் சுமார் 125 மீட்டர்.

ஆயரின் தேவாலயம் ஊரின் தென்கோடியில் இருக்கிறது. மரியாள் தேவாலயமோ சந்தைக்கும் நகர மன்றத்துக்கும் பக்கத்தில், மேட்டின் உச்சியில் இருக்கிறது, ஆயருடையதைவிட உயரமாக. அதைக் கட்டவைத்தது வியாபாரிகள். யார் பெரியவர் என்பதை அவர்கள் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பால்டிக் சுற்றுவட்டாரத்தில் சுமார் 70 தேவாலயங்களுக்கு இது முன்மாதிரியானது.

'ஏழு கோபுர நகரம்' என்பது எந்த ஏழு?

மரியாள் தேவாலயத்துக்கு 2, டோமுக்கு 2, யாக்கோபு, பேதுரு, எகிடியன் தேவாலயங்களுக்குத் தலா 1.

ஹோல்ஸ்டன்டோர் சாய்ந்திருக்கிறதே, விழுந்துவிடாதா?

விழாது. இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் இந்த மேற்கு வாசலை 1464-இல் தொடங்கி 1478-இல் முடித்தார்கள். கீழே சதுப்பு மண். கட்டும்போதே அழுந்தத் தொடங்கி, இன்று கோபுரங்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தபடி நிற்கின்றன. 1930-களில் அடித்தளத்தைப் பலப்படுத்தினார்கள். வெளியே பார்த்த சுவர் 3.5 மீட்டர் தடிமன், ஊரைப் பார்த்த சுவர் ஒரு மீட்டர்கூட இல்லை. ஊர்ப்பக்கம் 'எஸ்.பி.கியூ.எல்.' என்று பொன்னெழுத்து இருக்கும், பழைய ரோம் நகரின் 'எஸ்.பி.கியூ.ஆர்.' ('ரோமின் செனட்டும் மக்களும்') என்ற முத்திரை மாதிரி. கூடவே 1477 என்ற ஆண்டு. வாசலே ஒரு வருடம் தள்ளிச் சொல்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் இதை இடித்துத் தள்ள வேண்டும் என்று பலர் மனுப் போட்டார்கள். 1863-இல் நகரப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் பிழைத்தது. பிறகு அதே வாசல் 50 மார்க் நோட்டிலும், 2006-இல் 2 யூரோ நாணயத்திலும் ஏறியது.

இவ்வளவு பெரிய ஊர் எப்படிச் சரிந்தது?

ஒரே நாளில் சரியவில்லை. மாஸ்கோ அரசர் மூன்றாம் இவான் 1494-இல் நோவ்கோரோட் கிடங்கை மூடினார். டச்சுக்காரர்களின் பெரிய கப்பல்கள் டென்மார்க்கைச் சுற்றி நேராகவே போய்வரத் தொடங்கியதும், லூபெக்கின் 60 கி.மீ. குறுக்குவழிக்கு வேலை இல்லாமல் போனது. அட்லாண்டிக் வணிகம் வேறு வந்தது. ஸ்வீடன், டென்மார்க் போன்றவை பலமான அரசுகளாயின. 1533-இல் மேயரான யூர்கன் வுல்லன்வேவர் பழைய பலத்தைச் சண்டையில் மீட்கப் பார்த்தார். தோற்று, 1537-இல் தலை இழந்தார். ஹான்சாவின் கடைசிக் கூட்டம் 1669-இல் லூபெக்கில் கூடியபோது வந்தவை ஒன்பது ஊர்கள் மட்டும். கலைத்துவிட்டோம் என்று யாரும் தீர்மானம் போடவில்லை, அடுத்த கூட்டம் நடக்கவில்லை, அவ்வளவே. இன்றும் லூபெக் வண்டிகளின் நம்பர் பலகை 'எச்.எல்.' என்று தொடங்கும்: ஹான்சா நகரம் லூபெக்.

சுதந்திர நகரம் என்ற தகுதி இப்போதும் உண்டா?

இல்லை. நெப்போலியனின் பிரான்ஸ் 1811 முதல் 1813 வரை விழுங்கியிருந்த இடைவெளியை விட்டால், 1226 முதல் 1937 வரை லூபெக் தனி அரசாகவே இருந்தது. 1937-இல் நாஜி அரசு ஒரு சட்டம் போட்டு அதைப் பிரஷ்யாவின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனோடு சேர்த்தது. போருக்குப் பிறகு ஹாம்புர்க்கும் பிரேமனும் தனி மாநிலங்களாயின. லூபெக்கும் கேட்டது, 1956-இல் அரசியல் சாசன நீதிமன்றம் மறுத்துவிட்டது. பத்திரத்தை வைத்து வழக்கு ஜெயித்த ஊர் இந்த முறை தோற்றது.

இரண்டாம் உலகப் போரில் என்ன நடந்தது?

1942 மார்ச் 28 இரவு, குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய இரவு, 234 பிரிட்டிஷ் விமானங்கள் வந்தன. நெருக்கமான சந்துகள், மரம் நிறைந்த பழைய வீடுகள். தீ சுலபமாகப் பரவியது. பழைய ஊரில் ஐந்தில் ஒரு பங்கு அழிந்தது. சுமார் 320 பேர் இறந்தார்கள். மரியாள் தேவாலயம், டோம், பேதுரு தேவாலயம் எரிந்தன. 1463-இல் பெர்ன்ட் நோட்கே பட்டறையில் தீட்டிய 'மரண நடனம்' ஓவியம் அழிந்தது. மரியாள் தேவாலயத்தின் தெற்குக் கோபுரத்திலிருந்து விழுந்து நொறுங்கிய மணிகளை விழுந்த இடத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். தரைக்கல்லில் புதைந்து, பாதி உருகி, வாய் பிளந்து கிடக்கின்றன. அதன் முன்னால் நிற்பவர்கள் சத்தமாகப் பேசுவதில்லை.

மறுநாள் காலை கார்ல் ஃபிரீட்ரிஷ் ஸ்டெல்பிரிங்க் என்ற லூத்தரன் போதகர், கடவுள் பேசிவிட்டார் என்ற பொருளில் பிரசங்கம் செய்தார். அவரையும், நாஜிகளை எதிர்த்த மூன்று கத்தோலிக்கக் குருக்களையும் 1943 நவம்பர் 10 அன்று ஹாம்புர்க்கில் தலை துண்டித்துக் கொன்றார்கள்.

போர் முடியும் தறுவாயில், 1945 மே 3 அன்று, லூபெக் வளைகுடாவில் நின்றிருந்த காப் ஆர்கோனா, டீல்பெக் என்ற கப்பல்களை பிரிட்டிஷ் விமானங்கள் தாக்கின. உள்ளே இருந்தவர்கள் வதைமுகாம் கைதிகள் என்று விமானிகளுக்குத் தெரியாது. சுமார் 7,000 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தின நாள்தான் பிரிட்டிஷ் படை லூபெக்குக்குள் நுழைந்திருந்தது.

தேவாலய ஓவியங்களில் மோசடி நடந்தது உண்மையா?

முழுக்க உண்மை. 1942 தீயின் சூட்டில் மரியாள் தேவாலயத்தின் சுண்ணாம்புப் பூச்சு உரிந்து, அடியில் இருந்த கோத்திக் காலச் சுவரோவியங்கள் வெளிப்பட்டன. போருக்குப் பிறகு அவற்றைச் சீரமைக்கும் வேலை டீட்ரிஷ் ஃபே என்பவரிடம் போனது. சாரத்தின் மேல் ஏறி வேலை செய்தவர் லோட்டார் மால்ஸ்காட். மேலே பல இடங்களில் சீரமைக்க ஒன்றுமே மிச்சமில்லை. அதனால் மனிதர் புதிதாகவே புனிதர்களை வரைந்துவிட்டார். 1951-இல் தேவாலயத்தின் 700-ஆம் ஆண்டு விழா. பிரதமர் அடெனாவர் வந்தார், அஞ்சல் தலைகள் வெளியிட்டார்கள், பாராட்டெல்லாம் ஃபேவுக்குப் போனது. பொறுக்க முடியாமல் 1952-இல் மால்ஸ்காட்டே 'வரைந்தது நான்' என்று போட்டு உடைத்தார். முதலில் யாரும் நம்பவில்லை! கடைசியில் வழக்கு நடந்து 1955-இல் இருவருக்கும் சிறைத் தண்டனை. பலிபீடப் பகுதியில் அவர் வரைந்தவற்றைக் கழுவி அழித்தார்கள்.

பக்கத்து ஷ்லெஸ்விக் ஊரின் பேராலயத்தில் 1930-களின் இறுதியில் இதே மால்ஸ்காட் கைவண்ணத்தில் '13-ஆம் நூற்றாண்டு' வான்கோழி முளைத்தது. வான்கோழி அமெரிக்கப் பறவை, கொலம்பஸுக்கு முன் ஐரோப்பாவில் கிடையாது. அப்போதைய அறிஞர்கள் சிலர், வைக்கிங்குகள் அமெரிக்கா போய்க் கொண்டுவந்திருப்பார்கள் என்று விளக்கம் கொடுத்தார்கள்.

இரு ஜெர்மனிகளின் எல்லை லூபெக்கை எப்படித் தொட்டது?

எல்லைக்கோட்டிலேயே அமர்ந்திருந்த ஒரே பெரிய மேற்கு ஜெர்மன் நகரம் இது. கிழக்கே இருந்த சுற்றுவட்டார நிலத்தோடு தொடர்பு வெட்டுப்பட்டது. அதே சமயம் கிழக்கிலிருந்து தப்பி வந்த அகதிகளால் மக்கள்தொகை போருக்கு முன் இருந்ததைவிடப் பெருகியது. ஷ்லுட்டுப் என்ற புறநகரில் இரு ஜெர்மனிகளுக்கும் இடையே வடகோடிக் கடவுப் பாதை இருந்தது. 1989 நவம்பரில் கிழக்கின் டிராபன்ட் கார்கள் அந்த வழியாகத்தான் வரிசை கட்டி நுழைந்தன. வாக்கெனிட்ஸ் கரை காடாகவே தப்பியதற்கும் இதுவே காரணம்: எல்லையோரம் பல பத்தாண்டுகள் யாரும் எதுவும் கட்டவில்லை.

பால்டிக் கடலில் அலை ஏற்ற இறக்கம் உண்டா? ஊரில் வெள்ளம் வருமா?

ஏற்ற இறக்கம் பெயருக்குத்தான், ஒரு சாண் அளவு. பயம் காற்றிடம்தான். வடகிழக்குக் காற்று விடாமல் அடித்தால் கடல்நீர் இந்த மூலையில் குவிந்து டிராவ வழியாக மேலேறும். தாழ்ந்த தெருக்களில் கார்களை நகர்த்தும்படி அறிவிப்பு வருவது உள்ளூர்க்காரர்களுக்குப் பழக்கம். 1872 நவம்பர் 13 அன்று டிராவமுண்டேவில் நீர் வழக்கமான மட்டத்துக்கு மேல் 3 மீட்டருக்கும் அதிகமாக ஏறியது.

இசைக்கலைஞர் பாக் நடந்தே வந்தாராமே?

ஆம். 1705-இல், 20 வயதில், ஆர்ன்ஸ்டாட் ஊரிலிருந்து சுமார் 400 கி.மீ. மரியாள் தேவாலயத்தின் ஆர்கன் கலைஞர் பூக்ஸ்டஹூடவின் வாசிப்பைக் கேட்க வந்தார். நான்கு வாரம் விடுப்பு வாங்கியவர் நான்கு மாதம் கழித்துத் திரும்பிப்போய்த் திட்டு வாங்கினார். இரண்டு வருடம் முன்னால் இன்னொரு இசைக்கலைஞரான ஹாண்டெலும் வந்து பார்த்திருந்தார். பூக்ஸ்டஹூடவின் பதவி வேண்டுமென்றால் அவர் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இருவரும் கிளம்பிவிட்டார்கள்.

மார்சிபன் என்ற பாதாம் இனிப்பு பஞ்சத்தில் பிறந்ததா?

1407-இல் ஊரில் மாவு தீர்ந்துபோய், கிடங்கில் இருந்த பாதாமையும் சர்க்கரையையும் அரைத்து ரொட்டி செய்தார்கள் என்று கடைகளில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் சர்க்கரை மருந்துக்கடையில் விற்ற விலையுயர்ந்த பொருள். பஞ்சத்துக்கு அதைத் தின்றார்கள் என்றால் பணக்காரப் பஞ்சம்தான். இந்தப் பண்டம் கிழக்கிலிருந்து வந்தது. லூபெக்கில் அதைப் பெரிய தொழிலாக்கியவர்களில் 1806-இல் தொடங்கிய நீடரெக்கர் நிறுவனம் பெயர் பெற்றது. 'லூபெக் மார்சிபன்' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. பாதாம் விழுது குறைந்தது 70 சதவீதம் இருந்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். நம்மூர் பாதாம் பர்ஃபியை எதிர்பார்த்துக் கடித்தால் நெய் வாசனை இல்லாமல் ஏமாறுவீர்கள்.

மூன்று நோபல் பரிசுகள் இந்த ஊருக்கா?

தாமஸ் மான் (இலக்கியம், 1929), வில்லி பிராண்ட் (அமைதி, 1971) இருவரும் இங்கே பிறந்தவர்கள். மூன்றாமவர் குந்தர் கிராஸ் (இலக்கியம், 1999) பிறந்தது டான்சிகில்; பிற்காலத்தில் லூபெக்குக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்ந்தார். ஊர் அவரையும் சேர்த்துக்கொண்டுவிட்டது.

ஒரே நாள்தான் இருக்கிறது, எதைப் பார்ப்பது?

ஹோல்ஸ்டன்டோர் ரயில் நிலையத்திலிருந்து நடை தூரம். அதை வெளியிலிருந்து பார்த்தால் போதும். மரியாள் தேவாலயத்தின் மணிகளை விட்டுவிடாதீர்கள். பிறகு முன்வீடுகளின் அடியில் குனிந்து நுழையும் சந்துகள். ஜெர்மனில் 'கேங்க' என்பார்கள், இன்னும் சுமார் 90 மிச்சம் இருக்கின்றன. உள்ளே போனால் குட்டி வீடுகளும் ரோஜாச் செடிகளும் தெரியும். அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள், சன்னலுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். 1987-இல் யுனெஸ்கோ இந்தப் பழைய ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நேரம் மிஞ்சினால் நகர மன்றத்துக்குள் போங்கள். பழைய நீதிமன்ற அறைக்கு உயரம் வேறான இரண்டு கதவுகள் இருக்கும். விடுதலையானவர் உயரமான கதவு வழியே நிமிர்ந்து போவார், தண்டனை பெற்றவர் குட்டைக் கதவில் தலை குனிந்து போவார் என்று வழிகாட்டி சொல்வார். இந்தக் கதையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.